குளிர்கால ஒலிம்பிக்குக்கு இடம் தேர்ந்தெடுக்கும் சேவை: ஒரு மதிப்புரை

குளிர்கால ஒலிம்பிக் போட்டியை எந்த மலையில், எந்த ஊரில் நடத்துவது என்று முடிவு செய்யும் பணியை, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இயங்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலக நாடுகளுக்கு அளித்துவரும் ஒரு சேவையாகவே இங்கு எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்கும் நகரங்களும் மாகாணங்களும் அதன் வாடிக்கையாளர்கள். அவர்கள் கட்டும் விலை பல நூறு கோடி டாலர். ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தயாரிப்பது கமிட்டி; அதற்கு உத்தரவாதம் கொடுப்பது அரசுகள்; கடைசியில் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்நாட்டு மக்கள். இத்தனை பேர் பணம் போடும் ஒரு சேவைக்கு மதிப்பெண் போடுவதில் தவறில்லை. தகுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஐந்தில் நான்கும், அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்குவதற்கு ஐந்தில் ஒன்றும் தருவேன். இரண்டையும் கூட்டிச் சராசரி காண விரும்பவில்லை. முதல் மதிப்பெண் உயர்ந்த அதே காலத்தில்தான் இரண்டாவது சரிந்திருக்கிறது.

இப்போதைய முறை நடைமுறைக்கு வந்தது 2019-இல். அதற்கு முன்பிருந்தது ஏறத்தாழ ஓர் ஏலம். போட்டிக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு கமிட்டியின் சுமார் நூறு உறுப்பினர்கள் ஓர் அரங்கில் கூடி ரகசியமாக வாக்களிப்பார்கள். ஒரு நகரம் வெல்லும். மற்றவை வரைபடங்களையும் கடன் கணக்கையும் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பும். தென்கொரியாவின் பியோங்சாங் இதை இருமுறை அனுபவித்தது. 2003-இல் பிராகில் நடந்த வாக்கெடுப்பில் முதல் சுற்றில் முன்னணியில் இருந்தும், இறுதிச் சுற்றில் 53-க்கு 56 என்று வான்கூவரிடம் தோற்றது. 2007-இல் குவாத்தமாலா நகரில் 47-க்கு 51 என்று சோச்சியிடம் தோற்றது. 2011-இல் டர்பனில்தான், 63 வாக்குகளுடன் முதல் சுற்றிலேயே, 2018-ஆம் ஆண்டுப் போட்டி அதன் கைக்கு வந்தது. சளைக்காமல் மூன்றாம் முறையும் செலவு செய்யும் வசதி எல்லா நாடுகளுக்கும் இருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏலத்துக்கு உரிய நோய்களும் இந்த முறைக்கு இருந்தன. 2002-ஆம் ஆண்டுப் போட்டியை அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பெற்ற விதம் 1998-இன் இறுதியில் அம்பலமானது. வாக்களித்த உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, உறவினருக்கு மருத்துவச் செலவு, பரிசுகள் என்று பட்டியல் நீண்டது. ஆறு உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், நான்கு பேர் தாமாகவே விலகினார்கள். 1998-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்திய நாகானோவில், விண்ணப்பக் குழுவின் கணக்குப் புத்தகங்களே எரிக்கப்பட்டிருந்தன. இதற்கு மருந்தாக, விண்ணப்பித்த நகரங்களுக்கு உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பயணம் செய்வது தடை செய்யப்பட்டது. லஞ்சத்துக்கான வாய்ப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் மலையை நேரில் பார்க்காதவர்களே மலையைத் தேர்ந்தெடுக்கும் நிலையும் அதனால் உருவானது.

பழைய சேவை எவ்வளவு பழுதடைந்திருந்தது என்பதை 2022-ஆம் ஆண்டுக்கான தேர்வு காட்டிவிட்டது. விண்ணப்பம் போடும் முன்பே மியூனிக்கிலும், சுவிட்சர்லாந்தின் கிரவுபுண்டனிலும் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு ஸ்டாக்ஹோம் விலகியது. கிராகோவ் நகரில் பத்தில் ஏழு பேர் எதிர்த்து வாக்களித்ததால் அதுவும் விலகியது. லிவிவ் நகரை உக்ரைனின் போர்ச்சூழல் விலக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2014 அக்டோபரில் நார்வே அரசு நிதி உத்தரவாதம் தர மறுத்ததால் ஆஸ்லோ வெளியேறியது. பனிச்சறுக்கைப் பிறவிச் சொத்தாகக் கருதும் ஒரு நாடு தனக்கு இந்தப் போட்டி வேண்டாம் என்று சொன்ன தருணம் அது. அந்நாட்களில் கமிட்டி உறுப்பினர்களுக்கு அளிக்கவேண்டிய உபசாரங்களின் பட்டியல் நார்வே நாளிதழில் வெளியாகி, மன்னருடன் நடத்தவேண்டிய விருந்துவரை அதில் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தபோது, மிச்சமிருந்த ஆதரவும் கரைந்தது.

கடைசியில் மேசையில் நின்றவை பெய்ஜிங்கும் கஜகஸ்தானின் அல்மாட்டியும் மட்டுமே. கமிட்டி தானே நியமித்த மதிப்பீட்டுக் குழு 2015-இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் பொதுவெளியில் கிடைக்கிறது. இந்தச் சேவையைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. பெய்ஜிங்கின் மலைப்பகுதிகளான யான்சிங்கிலும் சாங்ஜியாகோவிலும் ஆண்டுப் பனிப்பொழிவு மிகக் குறைவு, போட்டி முழுவதும் செயற்கைப் பனியையே நம்பியிருக்கும், உயரமான இடத்திலிருந்து பனியை அள்ளிவரவும் வழியில்லை, ஓடுபாதைக்கு வெளியே பனியே இல்லாத காட்சி தெரியக்கூடும் என்றெல்லாம் அந்தக் குழு ஒளிக்காமல் எழுதியிருந்தது. இயற்கைப் பனி தங்களிடம் உண்டு என்பதைக் குத்திக்காட்டும் முழக்கத்துடனேயே அல்மாட்டி பிரசாரம் செய்தது. 2015 ஜூலை 31 அன்று கோலாலம்பூரில் மின்னணு வாக்குப்பதிவு கோளாறாகி, காகிதச் சீட்டில் மீண்டும் வாக்களித்தபோது, பெய்ஜிங் 44, அல்மாட்டி 40 என்று முடிந்தது. பனி குறைவு என்று நிபுணர்கள் எழுதிக்கொடுத்த பிறகும், பணத்துக்கும் நிர்வாகத்துக்கும் உறுதி தந்த இடத்தையே வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அறிக்கை ஒன்று சொல்ல, வாக்கு வேறொன்று சொல்லலாம் என்பது அந்த முறையின் குறை. ஆனால் அந்த முரண்பாட்டை யார் வேண்டுமானாலும் படித்துக் கேள்வி கேட்க முடிந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

அடுத்த சுற்றிலும் கூட்டம் கலைந்துகொண்டே இருந்தது. 2026-க்கு முயன்றவற்றில் இன்ஸ்பிரக்கையும் சியோனையும் பொதுவாக்கெடுப்பு வீழ்த்தியது. கல்காரியில் 2018 நவம்பரில் 56 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். கிராஸ், சப்போரோ விலகின. மிஞ்சிய இரண்டில், கமிட்டி நடத்திய கருத்துக்கணிப்பில் 83 சதவீத ஆதரவு பெற்ற இத்தாலியின் மிலான்–கோர்த்தினா, 55 சதவீதம் பெற்ற ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம்–ஒரே (Åre) இணையை 2019 ஜூனில் 47-க்கு 34 என்று வென்றது. அதே கூட்டத்தொடரில்தான் பழைய விதிகளும் மாற்றப்பட்டன.

புதிய முறை இப்படி இயங்குகிறது. ஆர்வமுள்ள எந்த நாடும் எப்போது வேண்டுமானாலும், கடைசித் தேதி என்ற நெருக்கடி இல்லாமல், கமிட்டியுடன் பேச்சைத் தொடங்கலாம். குளிர்காலப் போட்டிகளுக்கென்று அதிகபட்சம் எட்டுப் பேர் கொண்ட ஓர் ஆணையம் இருக்கிறது. அது பொருத்தமானதென்று கருதும் இடத்தைச் செயற்குழுவிடம் சொல்கிறது. செயற்குழு அந்த ஓர் இடத்தை மட்டும் அடுத்த கட்டப் பேச்சுக்கு அழைக்கிறது. அதன் பிறகு எல்லா உறுப்பினர்களும் கூடி, ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்கிறார்கள். ஒரு நகரமே எல்லாவற்றையும் நடத்தவேண்டும் என்ற கட்டாயமும், ஏழு ஆண்டுக் கணக்கும் போய்விட்டன. புதிதாகக் கட்டுவதைத் தவிர்த்து, ஏற்கெனவே இருக்கும் அரங்குகளையும் தற்காலிக அமைப்புகளையும் பயன்படுத்தவேண்டும் என்பது அடிப்படைக் கொள்கை. 2024 ஜூலையில் பாரிஸில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதிக்கு 2030-ஆம் ஆண்டுப் போட்டி 84 ஆதரவு வாக்குகளும் 4 எதிர்ப்பு வாக்குகளுமாக வழங்கப்பட்டது. சால்ட் லேக் சிட்டிக்கு 2034-ஆம் ஆண்டுப் போட்டி செல்லுபடியான 89 வாக்குகளில் 83 பெற்று வழங்கப்பட்டது.

சால்ட் லேக் சிட்டியே இந்தப் புதிய சேவையின் மிகத் திருப்தியான வாடிக்கையாளர். 2002 போட்டிக்காகக் கட்டிய பாப்ஸ்லே (பனிச்சறுக்கு வண்டி) பாதை, கியர்ன்ஸில் உள்ள வேகச் சறுக்கு அரங்கு, சோல்ஜர் ஹாலோவில் உள்ள நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தளம் ஆகிய யாவும் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பராமரிக்கப்பட்டு, இளைஞர்கள் அன்றாடம் பயிற்சி செய்யும் இடங்களாகவே இருக்கின்றன. நிரந்தரமான புதிய கட்டுமானம் எதுவும் தேவையில்லை. ஒரு காலத்தில் லஞ்ச ஊழலால் கமிட்டியையே ஆட்டிவைத்த ஊர், இன்று கமிட்டியின் விளம்பரப் படத்துக்கு ஏற்ற ஊர் ஆகியிருப்பது வரலாற்றின் குறும்பு. இப்படிப்பட்ட இடத்தைச் சண்டையில்லாமல், வீண் செலவில்லாமல் தேர்ந்தெடுக்க முடிந்ததற்காகவே முதல் பிரிவில் நான்கு மதிப்பெண்.

இனி ஸ்வீடனைப் பார்ப்போம். கோடைக்கால ஒலிம்பிக்கை 1912-இல் நடத்திய அந்நாடு, பலமுறை கேட்டும் குளிர்கால ஒலிம்பிக்கை ஒருமுறையும் பெற்றதில்லை. 2026-ஐ இழந்த பிறகு, புதிய முறையை நம்பி 2030-க்கு மீண்டும் பேச்சைத் தொடங்கியது. இருக்கும் அரங்குகளைப் பயன்படுத்துவது, பாப்ஸ்லே வண்டிகளுக்கான சறுக்குப் பாதையைப் புதிதாகக் கட்டாமல் லாட்வியாவின் சிகுல்டாவில் உள்ளதைப் பயன்படுத்திக்கொள்வது என்று, கமிட்டி கேட்டதையெல்லாம் எழுதியே கொடுத்தது. 2023 நவம்பர் 29 அன்று செயற்குழு 2030-க்குப் பிரெஞ்சு ஆல்ப்ஸையும், 2034-க்குச் சால்ட் லேக் சிட்டியையும் அழைத்தது. சுவிட்சர்லாந்துக்கு 2038-ஐ ஒதுக்கிவைத்து, 2027 இறுதிவரை தனிப்பேச்சு நடத்தும் சலுகையை அளித்தது. அடுத்தடுத்த மூன்று போட்டிகளும் ஒரே நாளில் பேசி முடிக்கப்பட்டபோது, ஸ்வீடனுக்கு எதுவும் இல்லை. ஸ்வீடன் அதிகாரிகள் அதிர்ச்சியை மறைக்கவில்லை. பிரான்சின் திட்டம் எந்த அளவுகோலில் ஸ்வீடனின் திட்டத்தைவிட மேலானது என்பதை, 2015-ஆம் ஆண்டு அறிக்கையைப் போல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆவணம் அந்த முடிவின்போது மக்கள் கைக்கு வரவில்லை. பழைய முறையில் தோற்ற நகரத்துக்கு ஓர் எண்ணாவது மிஞ்சியது. 53-க்கு 56 என்று தெரிந்தால் அடுத்த முறை எங்கே பாடுபடவேண்டும் என்று கணக்குப் போடலாம். புதிய முறையில் தோற்ற நாட்டுக்கு அந்த எண்ணும் கிடைப்பதில்லை. பாரிஸில் 84-க்கு 4 என்று விழுந்த வாக்கு, போட்டியிட ஆளே இல்லாதபோது விழுந்த வாக்கு.

கொள்கையைக் காப்பாற்றும் வலிமை இந்தச் சேவைக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு, கோர்த்தினாவின் சறுக்குப் பாதை தெளிவான பதிலைத் தருகிறது. அங்கே 1956-ஆம் ஆண்டுப் போட்டியில் பயன்பட்ட யூஜெனியோ மோந்தி பாதை 2008-இல் மூடப்பட்டது. 2006 டூரின் போட்டிக்காகச் செசானாவில் கட்டிய இன்னொரு பாதையும் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. உலகத்திலேயே இருபதுக்கும் குறைவாக உள்ள இத்தகைய பாதைகளில் ஒன்றை, பக்கத்து நாடுகளிலுள்ள இன்ஸ்பிரக்கிலோ செயின்ட் மோரிட்ஸிலோ பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கமிட்டி திரும்பத் திரும்பச் சொன்னது. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் இத்தாலிய ஒலிம்பிக் தலைவர் ஜியோவான்னி மலாகோவும் வெளிநாட்டுக்கே செல்கிறோம் என்று அறிவித்தார். சில மாதங்களில் இத்தாலிய அரசு அதை மாற்றியது. அவகாசம் போதாது என்று கமிட்டி வெளிப்படையாகவே ஆட்சேபித்தும், 2024 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. லார்ச் மரங்கள் வெட்டப்பட்டன; செலவு பத்துக் கோடி யூரோவைத் தாண்டியது; 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. வேலை முடியாவிட்டால் அமெரிக்காவின் லேக் பிளாசிடுக்கு வீரர்களை அனுப்புவது என்ற மாற்று ஏற்பாடும் கையில் இருந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒரு மாற்று அரங்கு! குறித்த காலத்தில் பாதை தயாரானது கட்டுநர்களின் சாதனை. ஆனால் தேர்வின்போது சொன்ன கொள்கையை, தேர்ந்தெடுக்கப்பட்ட நாட்டிடம் பின்னர் வற்புறுத்த முடியவில்லை என்பது சேவையின் தோல்வி. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலி அமைப்பாளர்கள், ஒன்பது நாடுகளே வருகின்றன, அதற்காகப் பாதை கட்டமாட்டோம் என்று மறுத்து, பாப்ஸ்லே போட்டியே இல்லாமல் ஒலிம்பிக்கை நடத்திமுடித்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். கொள்கைப் புத்தகம் எதுவும் இல்லாத காலத்தில் எடுத்த முடிவு அது.

சின்ன எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளையும் வாடிக்கையாளர் கவனிக்கவேண்டும். பிரான்சுக்குப் போட்டி வழங்கப்பட்ட நாளில் அங்கே தற்காலிக அரசே இருந்தது. நிதி உத்தரவாதம் பின்னர் வரும் என்ற நிபந்தனையின் பேரிலேயே வாக்கெடுப்பு நடந்தது. 1992 அல்பெர்வில் போட்டியின் அமைப்புக் குழுவுக்கு இணைத் தலைவராக இருந்த மிஷேல் பார்னியே அந்த இலையுதிர் காலத்தில் பிரதமராகி உத்தரவாதக் கடிதத்தைக் கொடுத்தது பிரான்சின் அதிர்ஷ்டம். சால்ட் லேக் சிட்டிக்கோ, வாக்கெடுப்பு நாளன்றே ஒப்பந்தத்தில் ஒரு புதிய வாசகம் சேர்க்கப்பட்டது: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அதிகாரத்தை அமெரிக்கா மதிக்காவிட்டால், போட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கமிட்டிக்கு உரிமை உண்டு. சீன நீச்சல் வீரர்களின் ஊக்கமருந்து விவகாரம் தொடர்பாக அமெரிக்க அதிகாரிகள் தொடங்கிய விசாரணைதான் அதற்குக் காரணம். அரங்கைப் பற்றியும் பனியைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் பேசியபின், சால்ட் லேக் சிட்டி அமைந்த யூட்டா மாநிலத்தின் கையில் இல்லாத ஒரு விவகாரத்தைக் கடைசி மணி நேரத்தில் நுழைத்தது நல்ல வணிக நடத்தை ஆகாது.

இவையெல்லாம் மனிதர் எடுக்கும் முடிவுகள். மலையும் வானிலையும் எடுக்கும் முடிவுகள் இன்னும் கறாரானவை. ஆண்களுக்கான டவுன்ஹில் (மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும்) பந்தயத்துக்குத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 800 மீட்டர் உயர வேறுபாடு வேண்டும் என்ற ஒரே ஒரு விதி, உலகின் பெரும்பாலான பனி நகரங்களை முதல் படியிலேயே கழித்துவிடுகிறது. பியோங்சாங் போட்டிக்காகக் கரிவாங் மலையின் பழைமையான காட்டை வெட்டியதற்கு அந்த அளவே காரணம். வான்கூவரில் சைப்ரஸ் மலைக்கு லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்தார்கள். சோச்சியில் முந்தைய குளிர்காலத்துப் பனியைப் போர்வையால் மூடிச் சேமித்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்காட் தலைமையிலான ஆய்வு, குளிர்கால விளையாட்டு வசதி கொண்ட 93 இடங்களை எடுத்துக்கொண்டு, மாசு வெளியேற்றம் நடுத்தரமாகத் தொடர்ந்தால் 2050-களில் பிப்ரவரிப் போட்டிக்கு 52 இடங்களே நம்பத்தக்கவையாக இருக்கும் என்று கணித்தது. அதே ஊரில் மார்ச் மாதம் நடக்கும் பாராலிம்பிக்குக்கோ 22 இடங்களே தேறும். இடத்தை ஒலிம்பிக்குக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டு, உருகும் பனியில் பாராலிம்பிக் வீரர்களை ஓடவிடுவது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி, தேர்வுக் கட்டத்திலேயே எழுப்பப்படவேண்டிய ஒன்று. நம்பத்தக்க இடங்கள் சிலவற்றுக்குள் போட்டியைச் சுழற்சி முறையில் நடத்துவது என்ற யோசனையைக் கமிட்டியே பரிசீலித்திருக்கிறது. சுழற்சிக்குள் யாரைச் சேர்ப்பது என்பதையும் இதே மூடிய அறைதான் முடிவு செய்யும் என்றால், ஒருமுறை செய்யும் தவறு பல பதிற்றாண்டுகளுக்கு நிலைத்துவிடும்.

மாற்றுச் சேவை வேண்டுவோர் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் உலகச் சாம்பியன்ஷிப் போட்டிகளைப் பார்க்கலாம். அங்கே தேசங்களைவிட மலையூர்களே போட்டியிடுகின்றன: செயின்ட் மோரிட்ஸ், ஸ்வீடனின் ஒரே, சால்பாக், 2029-க்கு நார்விக். கோர்த்தினா நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை எதிர்ப்பே இல்லாமல் 2021-ஆம் ஆண்டுப் போட்டியைப் பெற்றது. செலவு குறைவு, தோற்றாலும் ஊர் திவாலாகாது, ஆண்டுதோறும் உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கும் சரிவு என்பதால், நடுவர்களுக்கு அந்த மலை முன்பே பழக்கமானதாகவும் இருக்கும். ஒலிம்பிக்கின் பளபளப்பு அதில் இல்லைதான்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம்? இயங்கும் சறுக்குப் பாதையும், 800 மீட்டர் சரிவும், அன்றாடப் பயன்பாட்டில் உள்ள பனி அரங்குகளும் ஏற்கெனவே கொண்ட பகுதிகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இவற்றில் ஒன்றைப் புதிதாகக் கட்டினால்தான் ஆகும் என்ற நிலையில் உள்ளவர்கள், அந்த ஒரு போட்டியை வெளிநாட்டில் நடத்துவதற்கு உள்ளூர் அரசியல் இடம்கொடுக்குமா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளவேண்டும். பொதுவாக்கெடுப்பை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது; 1976-ஆம் ஆண்டுப் போட்டியை 1970-இல் பெற்ற டென்வர், 1972-இல் கொலராடோ வாக்காளர்கள் பணம் தர மறுத்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது, 1976-இல் இன்ஸ்பிரக் அந்த இடத்தை நிரப்பியது.

2025 ஜூனில் பொறுப்பேற்ற கமிட்டியின் தலைவர் கிர்ஸ்டி கவென்ட்ரி, நடத்தும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுத்திவைத்து மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார்; இந்த முடிவில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று உறுப்பினர்களே கேட்டிருக்கிறார்கள். பரிசீலனையில் செய்யவேண்டிய திருத்தம் ஒன்றே ஒன்று என்றால், ஒரே இடத்தை அழைக்கும் முன்பு, பேச்சில் இருந்த எல்லா இடங்களைப் பற்றியும் ஆணையம் எழுதிய மதிப்பீட்டை அன்றே வெளியிடவேண்டும் என்பதையே கேட்பேன். சுவிட்சர்லாந்துக்கு அளித்த சலுகைக்காலம் முடியும்வரை, அதாவது 2027 இறுதிவரை, 2038-க்காக வேறு எந்த நாட்டுடனும் கமிட்டி பேசாது. எனவே இப்போது விண்ணப்பிக்க எண்ணும் நாடுகள் 2042-ஐ மனத்தில் வைத்தே திட்டம் தீட்டவேண்டும்.